அக்குபங்சர் ஊசி மைட்டோகாண்ட்ரியாவைச் சரிசெய்யுமா? பார்க்கின்சன் நோயாளியின் மகனுக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, பார்க்கின்சன் வந்து மூன்று வருடம். பெங்களூரில் நரம்பியல் மருத்துவர் எழுதிக்கொடுத்த சின்டோபாவை (லெவோடோபா என்ற மருந்து உள்ள மாத்திரை) நான்கு வேளை எடுக்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அக்குபங்சர் நிலையத்தில், "இந்த நோயின் வேர் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சிறு உறுப்பு), ஊசி அதைப் புதுப்பிக்கும், ஆறு மாதத்தில் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம்" என்று சொல்லி, நான்கைந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் அச்செடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "மாத்திரையைக் குறைக்கலாமா என்று அப்பா தினமும் கேட்கிறார், என்ன சொல்வதென்று தெரியவில்லை." உங்களை உண்மையில் அரிப்பது அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குறைக்க வேண்டாம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினாலோ வேகமாகக் குறைத்தாலோ சிலருக்குக் கடுமையான காய்ச்சல் வரும், உடல் மரக்கட்டை மாதிரி விறைக்கும், நினைவு தடுமாறும், தசை சிதைந்து சிறுநீரகம் வரைக்கும் போகும். அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரின் வேலை. ஊசி போடுபவருக்கு அதில் இடமில்லை, எனக்கும் இல்லை.

நான் மருத்துவர் அல்ல. உயிர்வேதியியல் படித்தவள். இதே ஊரில் ஓர் ஆய்வகத்தில் பதினாறு வருடம் எலி மூளையிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து, அது எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். வீட்டில் என் மாமனார் ஒன்பது வருடம் பார்க்கின்சனோடு வாழ்ந்தார். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்ததும், கைபிடித்து நடக்கவைத்ததும், அக்குபங்சருக்கு அழைத்துப் போனதும் நான்தான். கீழே எழுதுவது இந்த இரண்டு அனுபவத்திலிருந்தும் வருகிறது.

நோயின் வேர் மைட்டோகாண்ட்ரியா என்று அவர்கள் சொன்னது முழுப் பொய் அல்ல. இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த உண்மையின் மேல்தான் மற்றதெல்லாம் கட்டப்படுகிறது. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. அந்த ஆக்சிஜனை வைத்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா. அதன் உள்சவ்வில் ஐந்து புரதத் தொகுதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. முதல் தொகுதிக்கு காம்ப்ளக்ஸ்-1 என்று பெயர். பார்க்கின்சன் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1982-இல் கலிபோர்னியாவில், போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல உறைந்துபோனார்கள். முற்றிய பார்க்கின்சன் நோயாளிக்கு இருக்கும் அத்தனை அறிகுறியும் இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கு. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் காரணத்தைத் தேடிப் போனபோது, அந்தப் போதைப்பொருளைத் தயாரித்தவிதத்தில் எம்பிடிபி என்ற நச்சு கலந்திருந்தது தெரிந்தது. அது மூளைக்குள் போய் வேறொரு பொருளாக மாறி, உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்களுக்குள் நுழைந்து, காம்ப்ளக்ஸ்-1ஐ அடைத்துவிடுகிறது. அதற்குச் சில வருடங்கள் கழித்து, 1989-இல், போதைப்பொருளே தொடாத சாதாரணப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும் அதே காம்ப்ளக்ஸ்-1 பலவீனமாக இருப்பதை லண்டனில் ஆண்டனி ஷாப்பிரா குழுவினர் கண்டார்கள். பிறகு மரபணுக்கள் வந்தன. 1998-இல் பார்க்கின், 2004-இல் பிங்க்-1. இரண்டும் சேர்ந்து செய்வது, பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் காட்டி அப்புறப்படுத்தும் வேலை. அந்த மரபணுக்கள் பழுதானவர்களுக்கு இளம் வயதிலேயே பார்க்கின்சன் வருகிறது.

டோபமைன் செல்லுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்று கேட்டால், அதன் உருவத்தைப் பார்க்க வேண்டும். மனித மூளையில் அப்படி ஒரு செல்லின் கிளைகள் பத்து லட்சத்துக்கும் மேலான இணைப்புகளைத் தாங்குகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை முனைகளுக்கும் இரவு பகலாக, வீட்டுக்கு மின்சாரம் வருவதுபோல, ஆற்றல் போய்க்கொண்டிருக்க வேண்டும். விநியோகத்தில் சிறிய தடங்கல் வந்தாலும் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட செல்தான். இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் மைட்டோகாண்ட்ரியாதான் ஒரே வேர் என்று யாரும் நிறுவவில்லை. ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் கட்டிகட்டியாகச் சேர்வது, செல்லின் குப்பை அகற்றும் அமைப்பு தளர்வது, மூளைக்குள் அழற்சி என்று பல இழைகள் பின்னிக் கிடக்கின்றன. எது முந்தியது என்பதில் துறைக்குள்ளேயே வாதம் நடக்கிறது.

சரி, முழங்காலுக்குக் கீழே போடும் ஊசி மூளைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை எப்படித் தொடும்? ஊசி உடலில் ஒன்றுமே செய்யாது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2010-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைகன் நெடர்கார்ட் குழு, சூசான்லி என்ற புள்ளியில் சுண்டெலிக்கு ஊசி குத்தித் திருகிப் பார்த்தது. நமக்கு அந்தப் புள்ளி முழங்காலுக்கு நான்கு விரல்கடை கீழே, முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. குத்திய இடத்தில் அடினோசின் என்ற பொருள் ஏறக்குறைய 24 மடங்கு கூடியது, வலி குறைந்தது. அடினோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏ1 ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் ஊசி வேலை செய்யவில்லை. இதுதான் அழகான சோதனை. ஒரு விளைவைக் காட்டியதோடு விடாமல், எந்தக் கண்ணியை அறுத்தால் அது நிற்கிறது என்பதையும் காட்டினார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தை அவிழ்த்துவிட வேண்டும். அடினோசின் என்பது ஏடிபி உடைந்து வருவது. அதைப் பிடித்துக்கொண்டு "ஊசி போட்டால் ஏடிபி கூடுகிறது, ஆகவே மைட்டோகாண்ட்ரியா பலப்படுகிறது" என்று சிலர் சொல்கிறார்கள். உங்களுக்குக் கொடுத்த தாள்களிலும் அந்த வாக்கியம் இருந்தால் ஆச்சரியமில்லை. அந்தச் சோதனையில் கூடியது செல்லுக்கு வெளியே சிந்திய ஏடிபி. திசுவைக் குத்தித் திருகும்போது செல்லிலிருந்து கொட்டுவது. அண்டாவில் துளை விழுந்து தண்ணீர் தரையில் ஓடினால், கிணற்றில் ஊற்று பெருகியது என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அது வலி குறைக்கும் ஒரு செய்தி. உற்பத்தி கூடியதற்குச் சான்று அல்ல.

அடுத்தது 2021-இல் ஹார்வர்டில் சியுஃபு மா குழுவினர் வெளியிட்டது. சுண்டெலியின் பின்னங்காலில் குறைந்த மின்னோட்டத்தை ஊசி வழியாகச் செலுத்தினால், ஒருவகை உணர்வு நரம்புகள் வழியாகத் தகவல் மூளைத்தண்டுக்குப் போய், வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பிக்கு இறங்கி, அழற்சி தணிகிறது. வயிற்றில் அதே அளவு மின்னோட்டம் கொடுத்தால் அது நடக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் அதே குழு காட்டிய இன்னொரு விஷயத்தை விளம்பரங்களில் பார்க்க முடியாது: வயிற்றில் பலமான மின்னோட்டம் கொடுத்தபோது, நோய் வருவதற்கு முன்னால் கொடுத்தால் அழற்சி தணிந்தது, நோய் முற்றிய பிறகு கொடுத்தால் அழற்சி மோசமானது. எங்கே, எவ்வளவு, எப்போது என்பதை வைத்து விளைவு தலைகீழாகிறது.

ஆக ஒரு சங்கிலியைக் கற்பனை செய்யலாம். ஊசி நரம்பைத் தூண்டுகிறது, அழற்சி குறைகிறது, அழற்சியில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, அது தடுத்துக்கொண்டிருந்த மைட்டோகாண்ட்ரியாவின் நான்காவது தொகுதி விடுபடுகிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியாக ஏதோ ஓர் ஆதாரம் உண்டு. மொத்தச் சங்கிலியையும் ஒரு பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் முன்னும் பின்னும் அளந்து காட்டிய ஆய்வு என் கண்ணில் பட்டதில்லை. நடக்க வாய்ப்புள்ள ஒன்று என்பதற்கும் நடக்கிறது என்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது.

அந்த நிலையம் கொடுத்த கட்டுரைகளுக்கு வருகிறேன். பெரும்பாலும் அவை சீனாவிலோ தென்கொரியாவிலோ எலிகளில் செய்தவையாக இருக்கும். எம்பிடிபி கொடுத்த சுண்டெலி, அல்லது மூளை ரத்தக்குழாயை அடைத்துப் பக்கவாதம் உண்டாக்கிய எலி. யாங்லிங்சுவான், பாய்ஹுய், சூசான்லி என்ற புள்ளிகளில் ஊசி போட்டபின் டோபமைன் செல்கள் அதிகம் பிழைத்தன, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் காக்கப்பட்டது, செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும் புரதங்கள் குறைந்தன என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலையைக் கையால் செய்தவளுக்கு அவற்றைப் படிக்கும்போது சில இடங்களில் உறுத்துகிறது.

முதல் உறுத்தல், நேரம். பல எம்பிடிபி ஆய்வுகளில் நச்சு கொடுக்கும் அதே நாட்களில் ஊசியும் தொடங்கிவிடுகிறது. அதாவது வீடு தீப்பிடிக்கும்போதே தண்ணீர் ஊற்றுகிறார்கள். உங்கள் அப்பாவுக்குக் கை நடுக்கம் தெரிந்த நாளிலேயே மூளையின் அந்தப் பகுதியில் பாதியளவு செல்கள் போயிருக்கும். சுண்டெலியில் நடப்பது சில நாட்களில் முடிந்துவிடும் நச்சுத் தாக்குதல், மனிதருக்கு நடப்பது பல வருடத் தேய்மானம். இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. எம்பிடிபி மூளைக்குள் போய் மாறினால்தான் விஷம். எந்தச் சிகிச்சையாவது அந்த மாற்றத்தைக் கொஞ்சம் தடுத்தாலே செல் பிழைக்கும், ஆராய்ச்சியாளருக்கு அது மைட்டோகாண்ட்ரியாவைக் காத்ததுபோலத் தெரியும். எம்பிடிபியே கலக்காத நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது, அளந்தது என்ன என்பது. மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருக்கிறதா என்று நேரடியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது ஆக்சிஜன் எடுக்கும் வேகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு மூளையை எடுத்த கணத்திலிருந்து எல்லாமே ஐஸில்தான் நடக்கும். அரைத்து, மையவிலக்கியில் சுற்றி, கசடு நீக்கி, மறுபடி சுற்றி, சில மணி நேரத்துக்குள் அளவிட்டு முடித்தாக வேண்டும். தாமதமானால் மைட்டோகாண்ட்ரியா சோர்ந்துவிடும், கையில் கிடைக்கும் எண் எலியைப் பற்றிச் சொல்லாது, நம் தாமதத்தைப் பற்றிச் சொல்லும். மூளை முழுவதையும் அரைத்தால் நரம்பு செல்லும் துணை செல்லும் கலந்துவிடும். இந்தத் தொல்லை எல்லாம் இல்லாமல், சில புரதங்களின் அளவை மட்டும் சோதனைத் தாளில் விழும் பட்டையாகப் பார்த்து "மைட்டோகாண்ட்ரியா மேம்பட்டது" என்று முடிக்கும் கட்டுரைகள் நிறைய. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்தும் வேலை ஊசியால் கூடியது, ஆகவே நல்லது என்று ஒரு கட்டுரை சொல்லும். அந்த வேலை அளவுக்கு மீறி நடந்துகொண்டிருந்தது, ஊசி அதைக் குறைத்தது, ஆகவே நல்லது என்று இன்னொன்று சொல்லும். கூடினாலும் நல்லது, குறைந்தாலும் நல்லது என்றால் நான் எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு முதலிலிருந்து படிப்பேன்.

மூன்றாவது, காரணமா விளைவா என்பது. எதனாலோ செல்கள் அதிகம் பிழைத்தால், அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவும் ஆரோக்கியமாகத்தான் இருக்கும். பக்கவாத எலியின் உடல் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலே மூளைச் சேதம் குறையும். மயக்கத்துக்குக் கொடுக்கும் ஐசோஃப்ளுரேன் வாயுவுக்கே மூளையைக் காக்கும் குணம் கொஞ்சம் இருக்கிறது. ஊசி போடும் எலிக்கு மட்டும் தினமும் மயக்கம் கொடுத்து, ஒப்பீட்டு எலியைக் கூண்டில் சும்மா விட்டிருந்தால், எதை அளந்தோம் என்றே தெரியாது. நல்ல ஆய்வுகளில் இதைச் சமன் செய்திருப்பார்கள். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இந்த ஒன்றை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

இவ்வளவையும் தாண்டி, எலியில் மைட்டோகாண்ட்ரியா உண்மையிலேயே மேம்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். மனிதருக்கும் அது பலிக்குமா? இதற்குப் பார்க்கின்சன் துறையில் கசப்பான பாடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கோ-என்சைம் க்யூ10 மைட்டோகாண்ட்ரியாவின் சங்கிலியிலேயே வேலை செய்யும் பொருள், எலிகளில் நம்பிக்கை தந்தது. 600 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1200, 2400 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை என்று தெரிந்து நடுவிலேயே நிறுத்தினார்கள், முடிவு 2014-இல் வெளியானது. கிரியேட்டின் செல்லின் ஆற்றல் சேமிப்போடு சம்பந்தப்பட்டது, அதுவும் எலிகளில் பலித்தது. 1,741 பேரிடம் வருடக்கணக்கில் சோதித்தார்கள், 2015-இல் வெளியான முடிவும் அதேதான். மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே போய்ச் சேரும்படி வடிவமைத்த மைட்டோ-க்யூவும் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. குறிபார்த்து எய்த அம்புகளே இப்படியென்றால், காலில் குத்தும் ஊசி ஆறு மாதத்தில் அதைச் செய்துவிடும் என்று சொல்பவர் மிகப் பெரிய ஆதாரத்தோடு வர வேண்டும். உங்களுக்குக் கொடுத்திருப்பது அது அல்ல.

மனிதர்களில் அக்குபங்சரைச் சோதிப்பதில் தனிக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. மாத்திரைக்குப் போலி மாத்திரை செய்வது எளிது, ஊசிக்குப் போலி ஊசி எளிதல்ல. தோலைத் துளைக்காமல் உள்வாங்கும் ஊசி 1998-இலேயே வந்துவிட்டது. அதையும் நோயாளி உண்மை என்று நம்பலாம், ஆனால் போடுபவருக்குத் தெரிந்துவிடும். பார்க்கின்சனில் இது சாதாரண விஷயமல்ல. நல்லது நடக்கப்போகிறது என்று நம்பினாலே இந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் சுரக்கிறது, அதைப் படமெடுத்தே காட்டியிருக்கிறார்கள். பார்க்கின்சன் அசதிக்கு அமெரிக்காவில் 94 பேரிடம் அக்குபங்சரைச் சோதித்தபோது, உண்மை ஊசிக்காரர்களுக்கும் போலி ஊசிக்காரர்களுக்கும் அசதி ஒரே அளவு குறைந்தது. சீனாவில் நடந்த சில சிறிய சோதனைகளில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் உண்மை ஊசி போலியைவிட நன்றாக வேலை செய்தது. எதை நம்புவது? 1998-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து வந்த அக்குபங்சர் சோதனைகள் ஒன்றுவிடாமல் சாதகமான முடிவையே சொன்னதைக் கண்டது. நல்ல மருந்துகூட அவ்வப்போது தோற்கும். தோற்றவை அச்சுக்கு வருவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒற்றைத் தலைவலியைச் சொல்லலாம். அக்குபங்சருக்கு நரம்பியலில் கிடைத்த நல்ல ஆதாரங்களில் அது ஒன்று. 2016-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரன் அமைப்பின் தொகுப்பாய்வு 22 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. தலைவலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 41 பேர், வழக்கமான கவனிப்பில் 17 பேர். போலி ஊசியோடு ஒப்பிட்ட சோதனைகளில், உண்மை ஊசிக்கு நூற்றுக்கு 50 பேர், போலி ஊசிக்கு 41 பேர். அதாவது, ஊசி தரும் நிவாரணத்தில் பெரும்பகுதி போலி ஊசியிலும் கிடைத்தது, உண்மை ஊசிக்கு என்று ஒரு சிறு பகுதி மிச்சம் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்த இடத்திலேயே நிலைமை இவ்வளவுதான். அல்சைமருக்கும் பக்கவாதத்துக்குப் பிந்தைய மீட்புக்கும் சோதனைகளின் தரம் இதைவிடக் குறைவு. கீமோதெரபியால் வரும் கால் எரிச்சலில் ஆர்வமூட்டும் தொடக்க முடிவுகள் இருக்கின்றன. அந்த எரிச்சலில் நரம்பின் மைட்டோகாண்ட்ரியா கெடுவது எலிகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். ஆனால் மனிதரில் அளந்தது எரிச்சல் குறைந்ததா என்பதைத்தான், மைட்டோகாண்ட்ரியாவை அல்ல.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. லீ நோய், மெலாஸ் போன்ற பிறவி மைட்டோகாண்ட்ரியா நோய்கள் இதிலிருந்து வேறுபட்டவை. அவை மரபணுப் பிழைகள், ஊசி அந்தப் பிழையைத் திருத்தாது. குழந்தைக்கு அப்படிச் சந்தேகம் என்றால் பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் அவர்களில் சிலருக்கு ஈரலைக் கெடுத்துவிடும், ஆகவே சரியான கண்டறிதல் முக்கியம்.

இனி என் மாமனார் விஷயம். அல்சூரில் குடியிருந்தோம். நோய் வந்து நான்காவது வருடம் இடது தோள் இறுகி, கையைத் தூக்க முடியாமல் ராத்திரி முழுக்க முனகினார். பார்க்கின்சனில் தோள்பட்டை இறுகுவது அடிக்கடி நடப்பது. ஒரு நிலையத்துக்கு அழைத்துப் போனோம், பெயர் வேண்டாம். ஊசி போட்ட இரவுகளில் நன்றாகத் தூங்கினார். வலி உண்மையாகவே குறைந்தது, நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அது உண்மை ஊசியின் பலனா, ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாகத் தொட்டுப் பேசியதன் பலனா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. அவருக்கு நிம்மதி கிடைத்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எட்டாவது தடவை போனபோது, "உள்ளே டோபமைன் தானாகவே சுரக்க ஆரம்பித்துவிட்டது, மாத்திரையைப் பாதியாக்குங்கள்" என்றார்கள். நான் ஆய்வகத்திலிருந்து வருவதற்குள் அவரே குறைத்துவிட்டார், எங்களிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் படுக்கையில் புரள முடியவில்லை. தண்ணீர் புரையேறியது. ஐந்தாம் நாள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பழைய அளவுக்கு வந்து, மறுபடி எழுந்து நடக்க மூன்று வாரம் ஆனது. அவர் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "மாத்திரை இல்லாம இருக்க முடியும்னு ஒருத்தராவது சொன்னாங்களேம்மா" என்றார்.

உங்கள் அப்பா தினமும் கேட்பதற்குப் பின்னாலும் அந்த ஏக்கம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே "சும்மா இருங்க அப்பா" என்று வாயை அடைக்காதீர்கள். மாத்திரையில் அவருக்கு என்ன தொல்லை என்று கேளுங்கள். வாந்தி வருகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, அடுத்த வேளைக்கு முன்னாலேயே மருந்தின் வேகம் இறங்கிவிடுகிறதா, கை கால் தானாக அலைகிறதா. இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் செய்யக்கூடியது இருக்கிறது. பல சமயம் நேரத்தை மாற்றினாலே போதும். எங்கள் வீட்டில் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்க ஆரம்பித்து, பருப்பு, முட்டை, பால் போன்றவற்றை மாத்திரையிலிருந்து தள்ளிவைத்ததும் பகல் நடை கண்கூடாக மாறியது. புரதமும் லெவோடோபாவும் உள்ளே போக ஒரே வாசலுக்குப் போட்டி போடுபவை.

அக்குபங்சருக்குப் போவதா வேண்டாமா? வலிக்காகவோ தூக்கத்துக்காகவோ, கையில் காசு இருந்து அப்பாவுக்கும் பிடித்திருந்தால், போகலாம் என்பேன். இந்திய அரசு 2019-இல் அதைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்திருக்கிறது. ஆனால் ஒரு முறைக்குக் கிடைத்த அங்கீகாரம், அதன் பெயரால் சொல்லப்படும் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் கிடைத்ததாகாது. போவதானால் சிலவற்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். அவர் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுத்தால் முன்பே சொல்லுங்கள். மார்பிலும் தோளின் மேலேயும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழ வாய்ப்புண்டு. பேஸ்மேக்கரோ மூளையில் பொருத்திய மின்கருவியோ இருந்தால் மின்னோட்டம் சேர்த்த ஊசி கூடாது. எல்லாவற்றையும்விட அன்றாட ஆபத்து, படுத்து எழுந்திருக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி விழுவது. ஊசி எடுத்ததும் இரண்டு நிமிடம் உட்காரவைத்துப் பிறகு நிற்கவையுங்கள். நம் ஊர்ப் போக்குவரத்தில் மாட்டி ஒரு வேளை மாத்திரை தள்ளிப்போகாமல், அதைக் கையோடு எடுத்துப் போங்கள். மொத்தமாகப் பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று முன்பணம் கட்டாதீர்கள்.

பலன் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிய வேண்டுமென்றால், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று, மாத்திரை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து, வாரம் இரண்டு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊசி தொடங்குவதற்கு முன்னால் மூன்று வாரம், தொடங்கிய பிறகு ஆறு வாரம். தூக்கத்தையும் வலியையும் பத்துக்கு எவ்வளவு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், நான் கைகாட்டுவது நடையைத்தான். தசை வேலை செய்தால் அதில் மைட்டோகாண்ட்ரியா பெருகும் என்பது 1967-இல் எலித் தசையில் காட்டப்பட்டு, பிறகு மனிதத் தசையிலும் அளந்து பார்த்து நன்றாக நிறுவப்பட்ட விஷயம். மூளையிலும் அதேபோல் நடக்கிறது என்று அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கின்சனில் பலன் மனிதரிலேயே தெரிந்திருக்கிறது. 2018-இல் வெளியான சோதனையில், மருந்து இன்னும் தொடங்காத ஆரம்பநிலை நோயாளிகள் 128 பேர் பங்கெடுத்தார்கள். வாரம் நான்கு நாள் டிரெட்மில்லில் இதயத் துடிப்பு உச்சத்தில் 80 முதல் 85 சதவீதம் வரை போகும்படி வேகமாக நடந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் இயக்கக் குறைபாட்டு மதிப்பெண் 0.3 மட்டும் கூடியது. வழக்கம்போல இருந்தவர்களுக்கு 3.2 கூடியது. உங்கள் அப்பா அந்த நிலையைத் தாண்டிவிட்டார், ஆகவே அதே எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. இதயத்தைப் பரிசோதித்து, நரம்பியல் மறுவாழ்வு தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்துத் தொடங்குங்கள். என் மாமனார் காலையில் அல்சூர் ஏரிக்கரையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண, அந்தத் தாளத்துக்குக் காலெடுத்து வைத்து நடப்பார். கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது எண்ணினால் சட்டென்று விடுபடும். உங்கள் அப்பாவுக்கும் கால் ஒட்டினால் நாளைக்கே இதைச் செய்து பாருங்கள்.

அந்த நான்கைந்து கட்டுரைகளின் தலைப்பை இங்கே போடுங்கள். எது எலி, எது மனிதர், எதில் ஆக்சிஜன் அளந்தார்கள், எதில் வெறும் புரதப் பட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.